மூன்றாம் பக்கத்தில் நின்றுபோகும் கதைகள்

கேள்வி:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு 31 வயது, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் சிப் செய்யும் ஒரு பேக்டரியில் ஆறு வருடமாக வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறி மாறி வரும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கதை எழுத ஆசை. மூன்று வருடத்தில் பதினொரு கதை தொடங்கிவிட்டேன், ஒன்றையும் முடிக்கவில்லை. தினமும் எழுதினால்தான் எழுத்து வரும் என்கிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் எனக்குச் சோறு போட்டுச் சாப்பிடவே தெம்பிருக்காது. எழுத்தெல்லாம் பிறவியிலேயே வரவேண்டும், படித்து வராது என்கிறார் அண்ணன். பேச்சில் மலாய் கலக்கிறது, கொச்சையாக இருக்கிறது என்று என் பழைய தமிழாசிரியர் திருத்துகிறார்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் என்பதால் தோட்டக் கதைதான் எழுதத் தோன்றுகிறது. என் வேலையில் எழுத என்ன இருக்கிறது? உள்ளே போனால் உடம்பு முழுக்க மூடிய வெள்ளை உடை, கண் மட்டும்தான் வெளியே. அதற்குப் பெயர் பன்னி சூட். அதைச் சொல்லி எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் சிரிக்காத நாளில்லை. பவுடர், பொட்டு, திருநீறு எதுவும் கூடாது, தூசு விழுமாம். வேலைக்குக் கிளம்பும்போது அம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசிவிடுவார். உடை மாற்றும் அறையில் ஈரத்தாளால் துடைத்துவிட்டு உள்ளே போவேன். ஆறு வருடமாக அம்மாவிடம் இதைச் சொன்னதில்லை. இதையெல்லாமா கதை என்று எழுதுவது? அம்மா நான் எழுதுவதைப் படிப்பார் என்ற பயமும் இருக்கிறது. மூன்று கதைகளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

- பட்டர்வொர்த் வாசகி

பதில்:

தங்கச்சி, மூன்று கதைகளையும் ஒரே மூச்சில் படித்தேன். அப்புறம் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். கதைகளைவிடக் கடிதம் நன்றாக இருக்கிறது. இதைக் குத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கோளாறு எங்கே என்று எனக்குக் காட்டியதே அதுதான்.

நீங்கள் சோம்பேறி இல்லை. ஷிப்ட்டின் மேல் முழுப் பழியையும் போடவும் முடியாது. சோம்பலில் நின்ற கதை கண்ட இடத்தில் நிற்கும். உங்களுடைய மூன்றும் ஒரே இடத்தில் நிற்கின்றன. முதல் கதையில், பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்து வைத்த சங்கிலி எங்கே என்று மாமியாரைக் கேட்க மருமகள் அடுப்படிக்குள் நுழைகிறாள். நின்றுவிட்டது. இரண்டாவதில், தோட்டத்தை விற்றாகிவிட்டது என்று தெரிந்த தோட்டத்துக் கணக்கர், அதாவது கிராணி, முனியம்மாவின் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்க்கிறார். நின்றுவிட்டது. மூன்றாவதில், அப்பாவின் கருமாதிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பி, அண்ணனுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போடுகிறான். அவ்வளவுதான், அப்புறம் வெள்ளைத்தாள். மற்ற எட்டையும் எடுத்துப் பாருங்கள். அவையும் மூன்றாம் பக்கத்தில், இருவர் முகத்துக்கு முகம் பார்க்கும் இடத்தில்தான் நிற்கும் என்று ஒரு ரொட்டி சானாய் பந்தயம் கட்டத் தயார்.

அதுவரை நீங்கள் எழுதுவது முன்கதை. யார் யாருக்கு என்ன உறவு, யார் எப்போது செத்தார், வீட்டுக்கடன் எவ்வளவு. இதை எழுதுவது சுகமான வேலை, யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். இரண்டு பேரை ஒரே அறைக்குள் விட்டதும் அவர்கள் வாயைத் திறக்க வேண்டும். உங்களுக்கோ அவர்களுக்கு என்ன வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு நாள் புதிதாக ஒரு கதை தொடங்குகிறீர்கள். பன்னிரண்டாவதும் இப்படித்தான் போகும்.

இதற்கு நான் செய்கிற ஒரு வேலையைச் சொல்கிறேன். அடுப்படிக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். தனித்தாளில் இரண்டே வரி எழுதுங்கள். மருமகளுக்கு வெள்ளிக்கிழமைக்குள் சங்கிலி வேண்டும், ஆனால் மாமியாரைத் திருடி என்று சொன்னவளாக ஆகக்கூடாது. மாமியாருக்கு, சின்ன மகனுக்காக அதை அடகு வைத்தது வெளியே தெரியக்கூடாது. இப்போது வர்ணனை எதுவும் இல்லாமல் பேச்சை மட்டும் எழுதிப் பாருங்கள்:

"வெள்ளிக்கிழமை தங்கச்சி கல்யாணம்மா."

"போயிட்டு வா. இந்த மீனைக் கொஞ்சம் ஆய்ஞ்சு குடு."

"கழுத்து வெறுமனே இருக்குமேன்னு பாக்குறேன்."

"என் காலத்துல மஞ்சக் கயித்தோடதான் போனோம். யாரும் ஒண்ணும் கொறஞ்சு போயிடல."

சங்கிலி என்ற சொல்லே வரவில்லை, கவனித்தீர்களா? இரண்டு பேரும் அதைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாலு வரியிலேயே மாமியார், மருமகள் கையில் கத்தியைக் கொடுத்து, அவளை அடுத்த அடி எடுக்க விடாமல் மீன் ஆய உட்கார வைத்துவிட்டார். இப்படி ஒரு பக்கம் முழுக்க ஓட விடுங்கள். 'என்றாள்', 'கண் கலங்கியது' எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாதி குப்பையாக வரும். வரட்டும், மீதிப் பாதி போதும்.

அண்ணன் சொன்னதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 1950இல் கோலாலம்பூரிலிருந்து வந்த தமிழ் நேசன் பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' என்றே பெயர் வைத்துப் பாடம் நடத்தினார்கள். வாசகர்கள் எழுதி அனுப்ப, இவர்கள் குறை நிறை சொன்னார்கள். பிற்காலத்தில் பெயர் வாங்கிய பலர் அப்படி எழுதிப் பழகியவர்கள்தாம். பிறவியில் வருகிறதோ இல்லையோ, இந்த நாட்டில் சிறுகதை வகுப்பு வைத்து வளர்ந்திருக்கிறது என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

என் கதையையும் கேளுங்கள். முப்பது வயதில் ஒரு நாவல் தொடங்கினேன். பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து, வேலையிடத்துப் பழைய புரூப் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவேன். ஆறு வருடத்தில் முதல் அத்தியாயத்தைப் பதினேழு முறை எழுதினேன். இரண்டாவது அத்தியாயம் கிடையாது. பதினேழாவது தடவை எழுதிய அத்தியாயம் உண்மையிலேயே நன்றாக இருந்தது, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் முதல் அத்தியாயம் எழுத மட்டும்தான் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு கதையின் முடிவில் என்ன தப்பு நடந்தது என்பது முடித்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். தொடக்கங்களையே எழுதிக்கொண்டிருந்தவனுக்கு அந்தப் பாடம் கிடைக்கவே இல்லை.

அதனால் பதினொன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எது சிறந்தது என்று பார்க்காதீர்கள், எது சின்னதோ அது. ஆயிரத்து ஐந்நூறு சொல்லுக்குமேல் போக வேண்டாம். அடுத்து வரும் ஆறு ஓய்வு நாள்களில் முடித்துவிடுங்கள். அதுவரை முதல் பக்கத்தைத் திறந்தே பார்க்கக்கூடாது. முடிவு மட்டமாக இருந்தால் மட்டமாகவே முடியட்டும்.

அடுத்து தோட்டம். முனியம்மா கதையின் முதல் பத்தியை அப்படியே இங்கே எடுத்துப் போடுகிறேன், மன்னிக்கவும்: "கீழ்வானில் ஆதவன் தன் பொற்கதிர்களைப் பரப்பத் தொடங்கினான். தோட்டத்து மக்களின் வாழ்வில் மட்டும் இருள் விலகவில்லை. முனியம்மா தன் விதியை நொந்தபடி பால் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்."

சூரியன் உதிக்கும்போது அவள் வாளியில் எப்படிப் பால் நிறைந்தது? விடியும் முன்பே ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, இருட்டில் மர வரிசையான நெரைக்குள் இறங்கி வெட்டத் தொடங்குவார்கள். குளிர்ந்த நேரத்தில்தான் மரம் நன்றாகப் பால் விடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துபோகும். வெட்டி முடித்து, மரத்தில் வைத்த மங்குக் கிண்ணத்தில் பால் வடிந்து சேரும்வரை பொறுத்து, அப்புறம்தான் வாளியோடு ஒவ்வொரு மரமாகப் போய்ப் பால் எடுப்பார்கள். அதற்குள் சூரியன் நன்றாக மேலே வந்திருக்கும். உங்கள் ஆதவன் தோட்டத்திலிருந்து வந்தவன் இல்லை, பழைய தீபாவளி மலர்களிலிருந்து வந்தவன். எனக்கு ஜனவரியில் காவடிக் கதைகள் வரும், ஐப்பசிக்கு முன்னால் ஆதவன் கதைகள் வரும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

தோட்டக் கதை எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை. எழுத வேண்டுமானால் அம்மாவை உட்கார வைத்துக் கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், குளிருக்கு என்ன போட்டுக்கொண்டார், நெற்றிவிளக்கு யார் வாங்கித் தந்தது, மழை பெய்து வேலை இல்லாத நாளில் சம்பளம் உண்டா, ஒட்டுப்பாலின் நாற்றம் கையை விட்டுப் போக எதைத் தேய்த்தார். 'கஷ்டப்பட்டோம்' என்று அவர் சொன்னால் அதை எழுத வேண்டாம். 'கொசுவுக்குத் துணியைச் சுருட்டிக் கொளுத்தி இடுப்பில் தொங்க விட்டிருப்போம்' என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் உடனே எழுதிவிடுங்கள்.

ஆனால் உங்களுக்கு எழுத ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கியது 1972இல். அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் பேக்டரி பஸ் ஏறியிருப்பார்கள்! இருபது வருடத்துக்குமேலாக நான் கைப்பிரதிகள் படிக்கிறேன். பன்னி சூட் போட்ட ஒரு தமிழ்ப் பெண் என் மேசைக்கு வந்ததே இல்லை. பால்வாளியோடு முனியம்மாக்கள் மட்டும் வரிசையாக வந்துகொண்டிருக்கிறார்கள்.

அந்தத் திருநீற்றைப் பாருங்கள். அம்மா பூசுகிறார், மகள் துடைக்கிறாள், அம்மாவுக்குத் தெரியாது. ஆறு வருடத்துச் சங்கதியை நாலு வரியில், ஒரு 'உள்ளம் ஏங்கியது' இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். கதையின் பாதி அங்கேயே இருக்கிறது. மீதிப் பாதி, நீங்கள் வழக்கமாக ஓடிப்போகிற அந்த இடம். அம்மாவும் மகளும் ஒரு நாள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். எப்படித் தெரியவருகிறது? பையிலிருந்து சாம்பல் படிந்த ஈரத்தாள் விழலாம். கூட வேலை செய்யும் பெண் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே போட்டு உடைக்கலாம். தெரியவே வராமலும் இருக்கலாம். அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், தெரிந்தேதான் நெற்றி நிறையப் பூசுகிறார் என்றும் வைக்கலாம். எதை எடுப்பது என்பது உங்கள் பாடு. நான் எழுதினால் கடைசியை எடுப்பேன், ஆனால் நான் அந்த அறையில் உடை மாற்றியவன் இல்லை.

அந்த அறையையும் எனக்குக் காட்டுங்கள். முதலில் தலைமூடியா, சப்பாத்தா? கையுறையை எப்போது போடுவீர்கள்? திருநீற்றைத் துடைக்கும்போது கண்ணாடியைப் பார்ப்பீர்களா, இல்லை கை தானாகப் போய்விடுகிறதா? துடைத்த தாளை எங்கே போடுவீர்கள்? மற்றவர்களோடு சேர்த்துக் குப்பைத் தொட்டியிலா, மடித்துப் பையிலா? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலில் அந்தப் பெண் யார் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்.

பேச்சு மொழி பற்றி. உங்கள் ஆசிரியர் திருத்திய பக்கத்தையும் பார்த்தேன். 'பசியாறிட்டியாம்மா' என்பதை அடித்துவிட்டு 'காலை உணவு உண்டாயா அம்மா' என்று எழுதியிருக்கிறார். நல்ல மனிதர், பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து பழகிய கை அது. ஆனால் எந்த மகளும் அம்மாவிடம் அப்படிக் கேட்க மாட்டாள். கதை சொல்கிற தமிழ் எழுத்துத் தமிழாக இருக்கட்டும், அதில் பிழையும் சந்திக் குழப்பமும் வேண்டாம். மேற்கோள் குறிக்குள் போனதும் அது அந்த ஆளுடைய வாய், உங்களுடையதோ ஆசிரியருடையதோ இல்லை. ப. சிங்காரம் இந்தோனேசியாவின் மேடானிலும் நம் பினாங்கிலும் வேலை செய்து வாழ்ந்தவர். 'புயலிலே ஒரு தோணி' நாவலில் மலாய்ச் சொற்களை அள்ளி விட்டிருக்கிறார். அச்சில் வந்தது அதே 1972இல். அந்தச் சொற்கள் தெரியாத தமிழ்நாட்டு வாசகர்கள் இன்றைக்கும் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

அளவு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மலாய்க்கார லைன் லீடர் பேசுவது முழுவதையும் மலாயில் எழுதத் தேவையில்லை. '"சுடா மாக்கான்?" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன்' என்று, சாப்பிட்டாச்சா என்கிற விசாரிப்பு ஒரு தடவை வந்தால் அவள் குரல் காதில் விழுந்துவிடும், அப்புறம் அவள் பேச்சைத் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போகலாம். பொருளை அடைப்புக்குறிக்குள் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். "தப்பாவ் பண்ணிட்டு வந்தேன், ஆறிப்போவுதுக்குள்ள சாப்பிடு" என்று எழுதினால் தப்பாவ் என்னவென்று சென்னைக்காரருக்கும் புரியும்.

நேரம். தினமும் எழுத வேண்டும் என்பது பகலில் ஆபீஸ் போய்விட்டு ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவர்கள் சொன்ன யோசனை. இரவு ஷிப்ட் முடிந்த காலையில் நீங்கள் எழுதக்கூடாது, தூங்க வேண்டும். உங்களிடம் ஒரு பாலம் இருக்கிறது, தினமும் வேலைக்குக் கடக்கும் பினாங்குப் பாலம். 13.5 கிலோமீட்டர். பஸ் பாலத்தில் ஏறியதும் போனை எடுங்கள், இறங்கியதும் உள்ளே வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் மூன்றே வரி, அன்றைக்குக் கண்ணால் பார்த்தது மட்டும். யோசித்தது வேண்டாம். 'களைத்துப்போன ஓர் அக்கா' என்று எழுதினால் அது உங்கள் அபிப்பிராயம். 'பஸ் ஏறியதும் சப்பாத்தைக் கழற்றி, காலைத் தூக்கிச் சோற்றுப்பையின் மேல் வைத்தாள்' என்றால் அக்கா வந்துவிட்டாள். முடியாத நாளில் விட்டுவிடலாம், குற்ற உணர்ச்சியெல்லாம் வேண்டாம்.

கதை எழுதுவதை ஓய்வு நாளில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே இருக்கையில் இரண்டு மணி நேரம். வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தால் வெளியே போய் உட்காருங்கள். ஒரு மூலை மேசையும் ஒரு தெ தாரிக் டீயும் போதும், மாமாக் கடையில் யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். எழுந்திருக்கும்போது காட்சியை முடித்துவிட்டு எழாதீர்கள். பேச்சின் நடுவில், அடுத்த வரி என்னவென்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள். அடுத்த ஓய்வு நாளில் உட்கார்ந்ததும் கை தானாக ஓடும். உங்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் நடுவில் நாலைந்து நாள் போய்விடும்.

படிப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் சுருக்கமாக. உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு சிறுகதையை எடுத்து, இருவர் சண்டை போடும் பக்கத்தைக் கையால் பார்த்து எழுதுங்கள். கண் தாண்டிப்போவதைக் கை தாண்டாது. யார் பேச்சை மாற்றுகிறார், எந்தக் கேள்விக்குப் பதிலே வரவில்லை என்று எழுதும்போதே தெரிந்துவிடும்.

அம்மா படிப்பாரே என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. பெயர், ஊர், வேலை இந்த மூன்றையும் மாற்றுவது வழக்கம். ஓரளவுக்கு உதவும். நான் ஒருமுறை கஞ்சப் பெரியம்மா ஒருத்தியைப் பற்றி எழுதினேன். அது என் அத்தையை வைத்து எழுதியது. அத்தை படித்துவிட்டு, 'அந்த நாத்தனாரை அப்படியே பிட்டு வச்சிருக்கடா' என்று இன்னொருத்தியைச் சொல்லிச் சிரித்தார். அந்த நாத்தனாரோ கதையில் வரும் வேலைக்காரி தான்தான் என்று நினைத்துக்கொண்டு இரண்டு தீபாவளிக்குப் பேசவில்லை. யார் எங்கே தங்களைக் காண்பார்கள் என்று உங்களால் கணக்குப் போட முடியாது. திருநீற்றுக் கதையை மட்டும், அச்சுக்குப் போகும் முன் அம்மாவுக்கு நீங்களே வாசித்துக் காட்டிவிடுங்கள். மற்றவர் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை அது.

முடித்த பிறகு ஒரு வாரம் தொடாமல் வைத்திருங்கள். அப்புறம் உரக்கப் படியுங்கள், நாக்கு தடுக்குகிற வாக்கியத்தை உடைத்து எழுதுங்கள். முதல் பத்தியை விரலால் மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். கதை புரிந்தால் முதல் பத்தி வேண்டாம், பெரும்பாலும் ஆதவன் அங்கேதான் ஒளிந்திருப்பான். கடைசி வரியையும் அப்படியே சோதியுங்கள், அங்கே நீதி ஏதாவது சொல்லியிருப்பீர்கள்.

அனுப்பும்போது பக்க எண் போட்டு அனுப்புங்கள். இந்தத் தடவை மூன்றாவது கதையின் இரண்டாம் பக்கம் தலைகீழாக ஸ்கேன் ஆகியிருந்தது. போனைத் திருப்பத் திருப்பப் பக்கமும் கூடவே திரும்பியது, கடைசியில் நான்தான் தலையைச் சாய்த்துப் படித்தேன்.